அப்பாவின் கையை ஏன் கட்டினார்கள்?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52, பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு 83. சீனப் போருக்குப் பிறகு நடந்த ஆள்சேர்ப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1971 போரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலை பார்த்து, எண்பதுகளில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்துவிட்டார். தம்பி வளைகுடா நாட்டில் இருக்கிறார். தனியாக இருந்த அப்பா இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்த பிறகு, அதே சித்தூர் வட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மாதம் 22,000 ரூபாய். 14 மாதங்கள் ஆகின்றன.

முதல் ஓராண்டு குறை ஒன்றுமில்லை. கடந்த ஆறு வாரங்களில் எல்லாம் மாறிவிட்டது. "ஞாயிறுதோறும் போவேன். அந்த வாரம் ஞாயிறு போக முடியாததால் புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் தோர்த்துத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவிழ்த்தபோது வளையல் போட்ட மாதிரி சிவந்த தடம்" என்று எழுதியிருக்கிறார். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால் அடிக்கிறார், ஊழியர் ஒருவருக்கு உதடு கிழிந்துவிட்டது என்பது நிர்வாகத்தின் பதில். தூங்குவதற்கு ஒரு மாத்திரை தருகிறார்கள். வால் எலும்புப் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். காதுக் கருவி தொலைந்துவிடும் என்று அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இரவுப் பணிக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் மட்டும், 18 முதியவர்களுக்கு.

அவர் கேட்பவை இவை: பட்டாளத்துக்காரர்களுக்கென்று அரசாங்கமே இல்லம் நடத்துகிறதாமே, அங்கே சேர்க்கலாமா? ஈ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருக்கிறது, இல்லத்தின் கட்டணத்தை அதில் வாங்கலாமா? கூட இருந்து கவனிக்கிறவருக்காக "உடனிருப்பவர் படி" என்று ஒன்று உண்டு என்கிறான் தம்பி, அது கிடைக்குமா? "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சேர்க்கும்போது கையெழுத்து வாங்கினார்கள், இனிமேல் புகார் சொல்ல முடியுமா? நாங்கள் தமிழ்நாட்டில், இல்லம் கேரளத்தில், எந்த ஊரில் போய் முறையிடுவது? குறை சொன்னால் அதை அப்பாவின் மேல் காட்டிவிட மாட்டார்களா?

சகோதரி, உங்கள் கேள்விகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சட்டம் பத்து நாள் காத்திருக்கும். அப்பாவின் உடம்பு காத்திருக்காது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

"மறதி நோய் முற்றிவிட்டது" என்று இல்லத்தில் சொன்னதை நீங்களும் நம்பிவிட்டீர்கள் என்று தெரிகிறது. நான் அவ்வளவு எளிதாக நம்ப மாட்டேன். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக இறங்கும். ஆறு வாரத்துக்கு முன்புவரை செய்தித்தாளின் தலைப்புகளை உரக்கப் படித்தவர் இன்று ஆள் தெரியாமல் கை ஓங்குகிறார் என்றால், உடம்பில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. இந்த வயதில் மூளை முதலில் தடுமாறும், காரணம் கீழே எங்கோ இருக்கும். சிறுநீரில் கிருமி, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் முழுதாக இறங்காமல் தேங்குவது, நான்கைந்து நாள் மலச்சிக்கல், இரத்தத்தில் சோடியம் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. ஒரு முதியவர் இரவெல்லாம் கத்துகிறார், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். அடிவயிற்றில் கை வைத்தேன், பானை மாதிரி இருந்தது. குழாய் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் எடுத்தோம். அன்று இரவு அவர் தூங்கினார்.

ஆகவே ஓரிரு நாளில் அப்பாவைப் பாலக்காட்டிலோ கோவையிலோ உள்ள ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையோடு, அவர் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, வாயில் போவது இன்னொன்று என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தூக்க மாத்திரை எது, யார் எழுதிக் கொடுத்தது என்று பெயரோடு கேளுங்கள். முதியவர்களுக்குத் தூக்க மாத்திரை விழுவதற்கும் குழம்புவதற்கும் வழி செய்யும். மறதி நோயாளிகளை அடக்குவதற்காகக் கொடுக்கும் சில மனநோய் மருந்துகள் பக்கவாதத்தையும் உயிரிழப்பையும் கூட்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காய்ச்சல், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், புண்ணிலிருந்து நாற்றம், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலிகிளினிக் நேரம் பார்க்க வேண்டாம், பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்தில் ஈ.சி.ஹெச்.எஸ். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தாலும் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டால் செலவைத் திரும்பக் கேட்கலாம். தகவல் சொன்ன நேரத்தையும் கேட்டவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

புண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. அது படுக்கைப் புண். ஒரே பக்கம் அழுந்திக் கிடந்ததால் வந்தது. கையைக் கட்டிப்போட்டால் வராமல் என்ன செய்யும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும். எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, பவுடர் கொட்டக் கூடாது. மருந்துக் கடையில் தரும் காற்று வளையம் பார்க்க இதமாக இருக்கும், ஆனால் புண்ணைச் சுற்றியுள்ள சதைக்கு இரத்தம் போவதைத் தடுத்து இன்னும் கெடுக்கும். அதற்குப் பதிலாகக் காற்று மெத்தை வாங்குங்கள். முட்டை, பருப்பு, மீன், எது இறங்குகிறதோ அது தினமும் போக வேண்டும். கேரளத்தில் இருப்பதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 2008லேயே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம் அது. பஞ்சாயத்து வழியாகப் படுக்கையிலிருப்பவர்களை வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், இல்லத்துக்கு வந்து புண்ணைப் பார்க்கும்படி கேளுங்கள். புண் கட்டுவதில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் பல மருத்துவர்களுக்குக் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

ஒரு சாப்பரை இருட்டில் தொட்டு எழுப்பினால்

நான் இளமையில் சில ஆண்டுகள் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன். ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா வெடிமருந்தோடு பல ஆண்டுகள் பழகியவர். காது போனது முதுமையால் மட்டுமாக இருக்காது. காதுக் கருவி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. இரவு இரண்டு மணி, இருட்டு. காலடி ஓசை கேட்காது. திடீரென்று இரண்டு கைகள் இடுப்புத் துணியை அவிழ்க்கின்றன. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். இது வெறி ஆகாது, மிருகத்தனமும் ஆகாது. உதடு கிழிந்த அந்த ஒடிசா இளைஞரும் பாவம், அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: "இரவில் இந்தியில் ஏதோ கத்துகிறாராம், பைத்தியம் என்கிறார்கள்." இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியிலேயே கட்டளை கேட்டு, இந்தியிலேயே பதில் சொல்லிப் பழகியவர். நினைவு பின்னால் போகும்போது மொழியும் கூடப் போகும். அந்த இளைஞருக்கு இந்தி தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இல்லத்திலேயே உங்கள் அப்பா சொல்வது புரியக்கூடிய ஒரே ஆள் அவராகக்கூட இருக்கலாம்! அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், அப்பா என்னதான் சொல்கிறார் என்று. "தண்ணீர்", "வெளியே போக வேண்டும்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

கட்டுவதைப் பற்றி என் கருத்து ஒளிவுமறைவில்லாதது. கட்டினால் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். கட்டப்பட்டவர் திமிறுவார், கட்டிலோடு சாய்வார், மல்லாந்தே கிடப்பதால் உணவு புரையேறி நெஞ்சுச் சளி பிடிக்கும், புண் வரும், இரண்டே வாரத்தில் கால் வலுவிழந்து நடக்க முடியாமல் போகும். விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதற்குக் கட்டிலைத் தாழ்த்தலாம், தரையில் ஒரு மெத்தை விரிக்கலாம், கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரிய விடலாம். பதினொன்று, இரண்டு, ஐந்து என்று நேரம் வைத்து அவரைச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போனால் பாதிச் சண்டை தீரும். எழுப்புகிறவர் கால் பக்கம் நின்று, தன் முகத்தில் வெளிச்சம் படும்படி விளக்கைப் போட்டு, "ஹவில்தார் சாப்" என்று கூப்பிட்டு, அவர் தன்னைப் பார்த்த பிறகு தொட வேண்டும். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கோபாலபுரம் பக்கம் ஓர் இல்லத்தில் பழைய காலாட்படைக்காரர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். மூன்று மாதத்தில் நாலு கிலோ இளைத்துவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று என்னைக் கேட்டார்கள். அங்கே சமையல் செய்யும் அம்மாள்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் அவர் கையில் ஸ்டீல் தட்டைக் கொடுத்து அடுப்படி வாசலில் நிற்க வைத்தார். அவர் முன்னால் யாரோ நிற்பதைப்போல ஒரு கை இடைவெளி விட்டு நின்று, தட்டை நீட்டினார். பட்டாளத்தில் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர், அங்கே வரிசையில் நின்று வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வாங்கியதும் போய் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். குழாய் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் இல்லத்துக்காரர்கள் தாமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. நீங்கள்தான் ஒரே ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்ட வேண்டும். மலையாளத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும், இந்தியிலும் இருந்தால் நல்லது. எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தக் காதில் கொஞ்சம் கேட்கும், எத்தனை மணிக்கு எழுவார், சவரம் செய்யாமல் வெளியே வர மாட்டாரா, எதைக் கேட்டால் கோபம் வரும், எதைக் கேட்டால் முகம் மலரும். பதினைந்து வரி போதும். ஆகஸ்ட் 15க்கும் முன்னாள் படைவீரர் நாளான ஜனவரி 14க்கும் பொன்னாடையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எந்த இல்லத்துக்கும் உண்டு. காதுக் கருவி எங்கே என்று அவர்களில் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேள்விப்பட்டவற்றில் எது சரி, எது இல்லை

முன்னாள் படைவீரர் என்ற ஒரே தகுதியால் யாரும் உரிமையோடு கேட்டுப் பெறும்படி, நாடு முழுவதற்குமான அரசு முதியோர் இல்லத் திட்டம் எதுவும் கிடையாது. புணே அருகே கிர்க்கியிலும் மொஹாலியிலும் இருப்பவை முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையங்கள். மாவட்டங்களில் உள்ள சைனிக் (படைவீரர்) ஓய்வு இல்லங்கள் ஓரிரு நாள் தங்குவதற்கானவை. உங்கள் தம்பி யாரோ சொல்லக் கேட்டது இவற்றில் ஒன்றாக இருக்கும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லம் அமைப்பது பற்றிச் சொல்கிறது. அது ஆதரவற்ற ஏழை முதியவர்களுக்கு. ஓய்வூதியம் வாங்கும் உங்கள் அப்பா அந்தக் கணக்கில் வர மாட்டார்.

ஈ.சி.ஹெச்.எஸ். என்பது மருத்துவச் செலவுக்கான திட்டம். இல்லத்தின் மாதக் கட்டணத்தை அது தராது. ஆனால் நீங்கள் கையிலிருந்து செலவழிக்கும் பலவற்றை அது தரும்: மருந்துகள், பரிசோதனை, மருத்துவமனைச் சேர்க்கை, மருத்துவர் பரிந்துரைத்தால் காதுக் கருவி. 1996க்கு முன்பே ஓய்வு பெற்றதால் உங்கள் அப்பாவுக்குச் சந்தாவும் கிடையாது. கடிதத்தில் கடந்த மாத மருந்துக் கடைக் கணக்கு 3,400 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் நீங்கள் கட்டினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தம்பி சொல்லும் "உடனிருப்பவர் படி" உண்மையில் உண்டு. அது பணியால் ஏற்பட்ட ஊனத்துக்காக 100 சதவீத ஊன ஓய்வூதியம் பெறுகிறவர்களில் முழுநேர உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. வயதானதால் வந்த தள்ளாமைக்குக் கிடைக்காது. அதைத் தேடி அலைவதைவிட ஒன்று பாருங்கள். 80 வயது நிறைந்த ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகச் சேரும், 85இல் அது 30 சதவீதம். மூன்று ஆண்டுகளாக அது வருகிறதா என்று ஸ்பர்ஷ் என்னும் படைவீரர் ஓய்வூதிய இணையதளக் கணக்கில் பாருங்கள். பழைய பதிவேடுகளில் பிறந்த தேதி முன்பின்னாக இருப்பது அதிசயமில்லை. ஏதாவது தடங்கல் இருந்தால் பாலக்காட்டிலுள்ள மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் போய் உட்காருங்கள். ஆயுள் சான்றிதழையும் மறக்க வேண்டாம், 80 கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம்.

கையெழுத்தும் எல்லைக்கோடும்

சட்டப் பகுதியை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்துப் போட்டதால் கட்டிப்போடும் அனுமதியை நீங்கள் கொடுத்துவிடவில்லை. ஒரு மனிதரை நியாயமில்லாமல் தடுத்து வைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 126, 127ஆம் பிரிவுகளின்படி குற்றம். அதை எந்த ஒப்பந்தமும் மாற்றாது. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் பராமரிப்பு ஒரு சேவை. அதில் குறைபாடு இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோதான் அலைய வேண்டியிருந்தது. இப்போது முறையிடுகிறவர் வசிக்கும் இடத்திலேயே, அதாவது உங்களுக்குக் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, மனு கொடுக்கலாம். 14 மாதத்துக்கு நீங்கள் கட்டியது 3,08,000 ரூபாய். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பாலக்காடு மாவட்ட சமூக நீதி அலுவலரிடம் புகார் செய்யலாம். அறக்கட்டளை என்பதால் கேரளத்தில் அநாதை இல்லங்கள், அற இல்லங்களை மேற்பார்வையிடும் வாரியத்தின் அங்கீகாரம் இந்த இல்லத்துக்கு இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்கியிருக்கிறீர்கள். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் இருக்கிறது. தமிழில் எழுதுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உடனடி வழிகாட்டுதலுக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 இருக்கிறது.

இனி உங்கள் பயம். குறை சொன்னால் அப்பாவின் மேல் காட்டுவார்கள் என்பதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், அப்படி நடந்ததை அறிவேன். ஆனால் யார் கேட்பாரற்றுக் கிடக்கிறாரோ அவருக்குத்தான் அது அதிகம் நடக்கிறது. இத்தனை நாள் நீங்கள் ஞாயிறு பத்து மணிக்கு, சொல்லிவைத்தாற்போலப் போயிருக்கிறீர்கள். பத்து மணிக்கு எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். ஒருநாள் விடியற்காலை, ஒருநாள் இரவு எட்டரை, ஒருநாள் மதியம் என்று மாறி மாறிப் போங்கள். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் சித்தப்பா மகனையும் வாரம் ஒருநாள் எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் பேச்சைப் புகாராகத் தொடங்காதீர்கள். நிர்வாகியோடு உட்கார்ந்து, மருத்துவரின் சீட்டை முன்னால் வைத்து, இந்த நான்கைக் கேளுங்கள்: கட்டக் கூடாது, இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி ஒரு தாளில் நேரமும் கையெழுத்தும் போட வேண்டும், காதுக் கருவி விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும் (தொலைந்தால் நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்), இரவுக்கு இன்னோர் ஆள் வேண்டும். கடைசியதற்கு மட்டும் அவர்கள் செலவு பற்றிப் பேசுவார்கள். 18 பேருக்கு ஒருவர் என்றால் அந்த இளைஞரால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் திருப்பவே முடியாது, அது கணக்கு. மற்ற குடும்பங்களின் தொலைபேசி எண்களை வாங்குங்கள். எட்டுப் பேர் சேர்ந்து மாதம் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார் என்றால் நிர்வாகத்துக்குச் சாக்கு இருக்காது. பேசி முடித்த அன்றே, பேசியதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுங்கள். மணிக்கட்டின் படமும் புண்ணின் படமும் தேதியோடு உங்களிடம் இருக்கட்டும்.

அங்கேயே வைப்பதா, மாற்றுவதா

உடனே கிளப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்ற உங்கள் துடிப்பு புரிகிறது. ஆனால் குழம்பியிருக்கும் ஒருவருக்குப் புது இடம், புதுக் கழிப்பறை, புது முகங்கள் குழப்பத்தை இன்னும் கூட்டும். வீட்டுக்கு அழைத்து வருவதென்றால் நீங்கள் பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு ஒரு ஹோம் நர்ஸ், இரவுக்கு நீங்கள். இரண்டு வாரம் கழித்து உங்கள் கை ஓங்காது என்று சொல்ல முடியுமா? மனம் நோகக் கேட்கவில்லை. தூக்கமில்லாத நல்ல பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை இது. முதலில் மருத்துவமனை. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகலாம். பிறகு மேலே சொன்ன நான்கையும் ஒப்புக்கொண்டால் மூன்று வாரம் அங்கேயே பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, இன்னொரு முறை கையில் தடம் பார்த்தாலோ, அன்றே அழைத்து வந்துவிடுங்கள், கட்டிய பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். இதற்கிடையில் பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு மூன்று இல்லங்களைப் பார்த்து வையுங்கள். போகும்போது தரையில் பதித்த டைல்ஸைப் பார்க்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். கடைசியாகக் கீழே விழுந்தவர் யார், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "எங்கள் இல்லத்தில் யாரும் விழுவதில்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஆறு பக்கக் கடிதத்தில் நீங்கள் சொன்னது, தம்பி சொன்னது, நிர்வாகி சொன்னது எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. காது கேட்காதவரிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டீர்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லிக் காதுக் கருவியை வாங்குங்கள். அதன் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் செத்துவிடும் வகை அது. ஒட்டுத்தாள் ஆரஞ்சு நிறமா நீல நிறமா என்று பழைய அட்டையில் பார்த்து, போகும் வழியில் புது அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலை வேளையில், அவர் முகம் கழுவிச் சவரம் முடித்த பிறகு மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். பதில் வர நேரமாகும், நடுவில் பேசாதீர்கள்.